ஐந்நூறு ரூபாய் ஜாமீன்

அச்சும் அரசும் – தொடர் 14

எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். இன்னாருக்காக, இன்னாரால், இன்ன அச்சகத்தில் அச்சிட்டு வெளியிடப்பட்டது; ஆசிரியர் இன்னார். வாசகர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். சர்க்கார் அங்கிருந்துதான் படிக்கத் தொடங்கும். 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சகம் வைத்திருப்பவர் மாஜிஸ்திரேட் முன்னால் போய், இன்ன இடத்தில் என்னிடம் ஓர் அச்சகம் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பத்திரிகையை அச்சிடுபவரும் வெளியிடுபவரும் அப்படியே செய்ய வேண்டியிருந்தது. கட்டுரையை எழுதியது யார் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. பிடிக்க ஓர் ஆள், பூட்டி முத்திரை வைக்க ஒரு கட்டடம். இரண்டும் தெரிந்தால் போதும்.

சென்ற வாரம் 1878ஆம் ஆண்டின் தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தைப் பார்த்தோம். லிட்டன் பிரபு கொண்டுவந்ததை ரிப்பன் பிரபு 1882இல் எடுத்துவிட்டார். அதே ஆண்டில்தான் சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் ‘சுதேசமித்திர’னைத் தொடங்கினார். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அரசு பெரும்பாலும் நம்பியிருந்தது தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவை, அதாவது ராஜத்துரோகப் பிரிவை. 1870இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. 1897இல் திலகரை 18 மாதம் சிறைக்கு அனுப்பியது. ஆனால் அதில் அரசுக்கு ஒரு தொல்லை இருந்தது. வழக்கு நடத்த வேண்டும், சாட்சி வேண்டும், மொழிபெயர்ப்பாளர் கூண்டில் ஏற வேண்டும், எதிர்தரப்பு வக்கீல் பேசுவார், அவர் பேசியது மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வரும். ஒரு கட்டுரையை அமுக்கப் போய் அதை நாடு முழுவதும் படிக்க வைத்த கதை ஆகிவிடும். சிறைக்குப் போனவர் தலைவராகத் திரும்பி வருவார்.

1908 முதல் 1922 வரை நடந்ததை, இந்தத் தொல்லையைத் தீர்க்க அரசு ஒரு வழி கண்டுபிடித்த கதை என்றே நான் படிக்கிறேன். அந்த வழியின் பெயர் ஜாமீன் தொகை.

*

1908 மார்ச் 9ஆம் தேதி வங்காளத் தலைவர் பிபின் சந்திர பாலின் விடுதலையைத் தூத்துக்குடி கொண்டாடியது. தடையை மீறித்தான் கொண்டாட்டம். மூன்று நாள் கழித்து வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டார்கள். 13ஆம் தேதி திருநெல்வேலி கொந்தளித்தது. முனிசிபல் அலுவலகமும் காவல் நிலையமும் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டும் விதித்தார். பின்னர் உயர் நீதிமன்றம் அவற்றைக் குறைத்தது. பாடப்புத்தகத்தில் வந்துவிட்ட வரலாறு இது, விரிக்க வேண்டியதில்லை.

அவ்வளவாகப் பேசப்படாதது, அந்த நான்கு மாதங்களில் பத்திரிகைகளுக்கு நேர்ந்தது. ஏப்ரல் கடைசியில் முசபர்பூரில் குண்டு வெடித்தது. ஜூன் 8ஆம் தேதி குற்றத் தூண்டுதல் பத்திரிகைச் சட்டம் என்று ஒன்று வந்தது. கொலைக்கோ வன்முறைக்கோ தூண்டும் எழுத்து என்று மாஜிஸ்திரேட் கருதினால் அச்சகத்தையே பறிமுதல் செய்யலாம். ஜூன் 24ஆம் தேதி பம்பாயில் திலகர் மறுபடி கைதானார்; ஒரு மாதத்துக்குள் ஆறாண்டுத் தண்டனையோடு மாண்டலே சிறைக்கு அவர் போவது முடிவாகிவிட்டது. அடுத்த முறை சென்னைக்கு என்று பிராட்வேயில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

பிராட்வேயில்தான் ‘இந்தியா’ வாரப் பத்திரிகை இருந்தது. 1906 மே மாதம் தொடங்கியது. முதல் போட்டவர்கள் மண்டயம் குடும்பத்தார், உரிமையாளர் எஸ்.என். திருமலாச்சாரியார். எழுதியவர் சி. சுப்பிரமணிய பாரதி. தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்தை முதலில் பழக்கியது இந்தப் பத்திரிகைதான். அதன் சந்தா விவரத்தைப் பார்த்தாலே ஆசிரியரின் குறும்பு தெரியும். சர்க்காருக்கு வருஷ சந்தா 50 ரூபாய். ராஜாக்கள், ஜமீன்தார்கள், பிரபுக்களுக்கு 30 ரூபாய். மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 15. மற்றவர்களுக்கு 3 ரூபாய். தன்னைக் கண்காணிக்கப் பத்திரிகை வாங்கும் சர்க்காரிடமே அதிகம் வசூலித்த பத்திரிகை உலகத்தில் வேறு உண்டா, தெரியவில்லை.

எழுதியது பாரதி. ஆனால் பொடி எழுத்து வரியில் இருந்த பெயர் எம். சீனிவாசன்.

1908 ஆகஸ்டில் சீனிவாசன் கைதானார். ‘இந்தியா’வில் வந்த சில கட்டுரைகள் ராஜத்துரோகம் என்று வழக்கு. தண்டனை ஐந்தாண்டு. அந்தக் கட்டுரைகளின் நடை யாருடையது என்பது பிராட்வேயில் டீ விற்றவருக்கும் தெரிந்திருக்கும், போலீஸுக்கும் தெரியும். கோர்ட்டுக்கு அது தேவைப்படவில்லை. பதிவேட்டில் பெயர் இருந்தது, ஆள் கிடைத்தார், முடிந்தது. பாரதியை நண்பர்கள் வற்புறுத்திப் புதுச்சேரிக்கு அனுப்பிவைத்தார்கள். போனது சரியா என்ற விவாதம் இன்றுவரை தமிழில் ஓயவில்லை. என்னைக் கேட்டால், அந்த விவாதத்தில் செலவான மையில் பத்தில் ஒரு பங்கையாவது சீனிவாசனைப் பற்றி எழுதச் செலவிட்டிருக்கலாம். பிறர் எழுத்துக்காக ஐந்தாண்டு தண்டனை பெற்ற மனிதரின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே ஆகஸ்டில் இன்னொரு கைது நடந்தது. ஜி. சுப்பிரமணிய ஐயர் குற்றாலத்தில் இருந்தார். தோல் நோய் அவரை வாட்டிக்கொண்டிருந்தது; ஓய்வுக்காகப் போயிருந்தார். ‘ஹிந்து’வைத் தொடங்கிய அறுவரில் ஒருவர், விதவையான தன் மகளுக்கு 1889இலேயே மறுமணம் செய்து வைத்தவர், எட்டயபுரத்துப் பாரதியை 1904இல் சென்னைக்குக் கூட்டிவந்து ‘சுதேசமித்திர’னில் உதவி ஆசிரியராக அமர்த்தியவர். ஐம்பத்து மூன்று வயதில், உடம்பெல்லாம் புண்ணோடு, ராஜத்துரோகக் குற்றவாளி என்று பிடித்துவந்தார்கள். இனி அப்படி எழுதுவதில்லை என்று எழுதிக் கொடுத்து அவர் வெளியே வந்தார். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘சுதேசமித்திரன்’ பிழைத்தது; ஆனால் அதன் பழைய காரம் போயிற்று. வழக்கை நடத்தித் தண்டனை வாங்கித் தருவதைவிட, வழக்குப் போடுவோம் என்ற மிரட்டலே மலிவு என்று அரசு கற்றுக்கொண்ட இடங்களில் இதுவும் ஒன்று.

*

புதுச்சேரியில் ‘இந்தியா’ அக்டோபரிலேயே மறுபிறவி எடுத்தது. பிரான்சில் 1881 முதல் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் இருந்தது. அதன் நிழல் காலனிகளிலும் விழுந்தது. பிரிட்டிஷ் போலீஸ் ஊர் முழுக்க ஒற்றர்களை நிறுத்தலாம், வீட்டு வாசலில் யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று எழுதி அனுப்பலாம். அச்சகத்துக்குள் நுழைய முடியாது. 1909இல் ‘விஜயா’ என்ற நாளிதழும் கிளம்பியது. ‘கர்மயோகி’, ‘சூர்யோதயம்’ என்று வரிசை நீண்டது. சட்டத்தின் கை எட்டாத இடத்தில் அச்சு ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் பத்திரிகை அச்சானால் மட்டும் போதாது. படிப்பவர்கள் இருந்தது மதுரையில், திருச்சியில், தஞ்சாவூரில். புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் தபால் பை பிரிட்டிஷ் கையில். மூன்று ரூபாய் சந்தா அந்தத் தபால் வழியாகத்தான் வர வேண்டும். பத்திரிகையும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். சந்தாதாரர் யார் யார் என்று தெரிந்துகொள்ளப் போலீஸுக்குத் தனியாக உளவு வேண்டியதில்லை. மேல்தாளில் விலாசம் இருக்கிறது.

1910 ஜனவரி 24ஆம் தேதி கல்கத்தா உயர் நீதிமன்ற வளாகத்திலேயே ஷம்சுல் ஆலம் என்ற போலீஸ் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். பதினாறு நாள் கழித்து, பிப்ரவரி 9ஆம் தேதி, இந்திய அச்சகச் சட்டம் நிறைவேறியது. மன்றத்தில் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ரிஸ்லி. முதல் இந்தியச் சட்ட உறுப்பினரான எஸ்.பி. சின்ஹா ராஜினாமா வரை போய், பின் இசைந்தார். கோகலே ஆதரித்தார். மாளவியாவும் பூபேந்திரநாத் பாசுவும் எதிர்த்தார்கள். கோகலே போன்றவர் இதற்குக் கைதூக்கியது ஏன் என்பதற்கு அவரது சீடர்கள் பல சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். எதுவும் எனக்கு முழுதாகத் திருப்தி தரவில்லை.

இந்தச் சட்டம் எழுத்தாளரை ஏறிட்டும் பார்க்கவில்லை. அது பார்த்தது அச்சகக்காரரை. புதிதாக அச்சகம் வைக்க மாஜிஸ்திரேட்டிடம் போகிறவர் 500 ரூபாய்க்குக் குறையாமல், 2000 ரூபாய்க்கு மேற்படாமல் ஜாமீன் கட்ட வேண்டும். ஏற்கெனவே அச்சகம் வைத்திருப்பவரிடம் அரசு விரும்பினால் 5000 வரை கேட்கலாம். ஆட்சேபகரமாக ஏதாவது அச்சானால் அந்தப் பணம் போயிற்று. மறுபடி தொழில் செய்ய வேண்டுமானால் 1000 முதல் 10,000 வரை புது ஜாமீன். அதன் பிறகும் பிசகினால் ஜாமீனும் போகும், அச்சு இயந்திரமும் போகும், அச்சான பிரதிகளும் போகும். இதற்கெல்லாம் வழக்கு வேண்டாம், விசாரணை வேண்டாம். மாகாண அரசின் ஓர் அறிவிப்பு போதும். வேண்டுமானால் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் முன் முறையிடலாம். அங்கேயும் தன் எழுத்து அப்படிப்பட்டதில்லை என்று முறையிடுபவர்தான் நிரூபிக்க வேண்டும்.

எது ஆட்சேபகரம்? நான்காம் பிரிவு பட்டியல் போடுகிறது. அரசின் மீது வெறுப்பை உண்டாக்கக் கூடியது, நீதி நிர்வாகத்தை இழிவுபடுத்தக் கூடியது, சமஸ்தான மன்னர்களை அவமதிக்கக் கூடியது என்று போகும் பட்டியல் அது. அதோடு நிற்கவில்லை. நேராகச் சொன்னாலும் சரி, சுற்றி வளைத்துச் சொன்னாலும் சரி, ஊகத்தாலோ குறிப்பாலோ உருவகத்தாலோ உணர்த்தினாலும் சரி, குற்றம் குற்றமே என்கிறது. கவிஞர்கள் நடத்திய பத்திரிகைகளை மனத்தில் வைத்துக்கொண்டே சட்டம் எழுதினார்களோ என்று தோன்றும். கம்சனைத் திட்டினால் கலெக்டரைத் திட்டியதாகும். துச்சாதனன் சேலையை இழுத்தால் அது சுங்க இலாகா.

தொகையின் கனத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த பாரதிக்கு மாதச் சம்பளம் பதினேழரை ரூபாய். குறைந்தபட்ச ஜாமீனான 500 ரூபாய் என்பது அந்தச் சம்பளத்தில் ஒரு காசுகூடச் செலவழிக்காமல் இரண்டு ஆண்டு நாலரை மாதம் சேர்த்தால் வருவது. ‘இந்தியா’வின் மூன்று ரூபாய் சந்தாவில் பார்த்தால் 167 வாசகர்களின் முழு ஆண்டுப் பணம். 2000 கேட்டால் 667 வாசகர்கள். தமிழில் அன்று ஆயிரம் பிரதி போனாலே பெரிய பத்திரிகை.

இனி அந்தக் காலத்து அச்சகம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். முன்னறையில் மேஜை போட்டு முதலாளி. உள்ளே சாய்வான மரப்பெட்டிகளில் அறை அறையாக ஈய எழுத்து. தமிழுக்கு எழுத்துகள் அதிகம், பெட்டியும் பெரிது. அச்சுக் கோப்பவர் நின்றபடியே ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வரி வரியாக அடுக்குகிறார். புரூப் எடுத்து, திருத்தி, பக்கம் கட்டி, பாரம் முடுக்கி மெஷினில் ஏற்ற வேண்டும். இந்த முதலாளி பத்திரிகைக்காரர் இல்லை. கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக் கடை நோட்டீஸ், திருப்புகழ்ப் புத்தகம் என்று அச்சிட்டுப் பிழைப்பவர். வாரம் ஒரு நாள் நண்பர் ஒருவரின் பத்திரிகையும் ஓடுகிறது. 1910க்கு முன்னால் அதில் என்ன வருகிறது என்று அவர் பார்த்ததில்லை. இப்போது புரூப் அவர் மேஜைக்கு முதலில் போகிறது. இந்த வரி எதற்கு, அந்தப் பெயர் எதற்கு என்கிறார். அவர் அரசாங்க விசுவாசி இல்லை. வீட்டை அடகு வைத்துக் கட்டிய பணம் கஜானாவில் கிடக்கிறது, அவ்வளவுதான். சர்க்கார் சம்பளம் கொடுக்காமல் ஊருக்கு ஊர் தணிக்கை அதிகாரிகளை நியமித்துக்கொண்டது இப்படித்தான்.

அதே சட்டம் சுங்க அதிகாரிக்கும் தபால் அதிகாரிக்கும் சந்தேகப்பட்ட கட்டுகளை நிறுத்திவைக்கும் உரிமையைத் தந்தது. புதுச்சேரிப் பத்திரிகைகளின் மூச்சுக்குழாய் அதுதான். சட்டம் வந்தது பிப்ரவரியில். ‘இந்தியா’வின் கடைசி இதழ் மார்ச்சில். பாரதியை யாரும் கைது செய்யவில்லை. அச்சகத்தை யாரும் உடைக்கவில்லை. பத்திரிகை நின்றுவிட்டது.

1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டது தனி அத்தியாயம். அதற்கும் பத்திரிகைகள் அடைபட்டதற்கும் நேரடித் தொடர்பு காட்ட என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் ஆஷ் விழுந்தபோது, ‘இந்தியா’ நின்று பதினைந்து மாதம் ஆகியிருந்தது என்பதைக் காலவரிசையாகக் குறித்துவைக்கலாம்.

*

சட்டத்தின் நீள அகலத்தை முதலில் உரக்கச் சொன்னவர் ஒரு வெள்ளைக்கார நீதிபதி. ‘காம்ரேட்’ ஆசிரியர் முகமது அலி 1913இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பால்கன் போரில் முஸ்லிம்கள் பட்ட துன்பத்தைச் சொல்லி உதவி கேட்டு வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு துண்டுப் பிரசுரத்தை அரசு பறிமுதல் செய்திருந்தது. தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதன் வலை எவ்வளவு அகலமென்றால் மெச்சத்தக்க எழுத்தும் இதற்குள் விழும் என்ற பொருளில் எழுதினார். அறிவிப்பிலேயே குறை இருந்தது என்றார். ஆனாலும் தலையிடத் தனக்கு அதிகாரமில்லை என்று மனுவைத் தள்ளினார். முகமது அலி பிரசுரத்தை இழந்தார், நற்பெயரை இழக்கவில்லை என்று ஆறுதலாக ஒரு வரி. நீதிமன்றத்தின் கையைக் கட்டிவிட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சொல்லும் சட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு இந்தத் தீர்ப்பு போதும்.

சென்னைக்கு அந்தப் பாடம் மூன்று ஆண்டு கழித்து வந்தது. அன்னி பெசன்ட் 1914இல் ஒரு பழைய நாளிதழை வாங்கி ‘நியூ இந்தியா’ என்று பெயரிட்டு நடத்தி வந்தார். ஹோம் ரூல் முழக்கம் அதில்தான் ஓங்கியது. அச்சகத்தைப் பதிவு செய்தபோது மாஜிஸ்திரேட் ஜாமீன் வேண்டாம் என்று விலக்களித்திருந்தார். 1916 மே மாதம் அந்த விலக்கு திடீரென்று ரத்தாகி, 2000 ரூபாய் கட்டு என்று உத்தரவு வந்தது. கட்டினார். ஆகஸ்ட் 28ஆம் தேதி அது பறிமுதல். அடுத்து 10,000. அதையும் கட்டினார்.

உயர் நீதிமன்றத்தில் அப்துர் ரஹீம், அய்லிங், சேஷகிரி ஐயர் ஆகிய மூவர் முன் பெசன்ட் தானே வாதாடினார். அறுபத்தெட்டு வயது அம்மையார், கட்டுக் கட்டாகப் பத்திரிகைத் துணுக்குகளோடு. தோற்றார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். 1919இல் அங்கேயும் தோற்றார். இதற்கிடையில் 1917 ஜூனில் கவர்னர் பென்ட்லண்ட் அவரையும் அவருடைய சகாக்களான அருண்டேலையும் வாடியாவையும் காவலில் வைக்க உத்தரவிட்டு, அவர்கள் ஊட்டிக்குப் போனது, நாடு முழுக்கக் கூட்டம் நடந்தது, செப்டம்பரில் விட்டுவிட்டது எல்லாம் அரசுக்கே வினையாக முடிந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். சுப்பிரமணிய ஐயர் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அதற்காகக் கண்டிக்கப்பட்டதும் தன் ‘சர்’ பட்டத்தைத் தூக்கி எறிந்தார். ஆளைப் பிடித்தால் கூச்சல் வரும், பணத்தைப் பிடித்தால் வராது என்று 1910இல் கற்ற பாடத்தைப் பென்ட்லண்ட் மறந்ததன் விலை அது.

பெசன்டுக்கு 10,000 கட்ட முடிந்தது. அவரைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது. இன்று நமக்கும் தெரிகிறது. கட்ட முடியாதவர்கள்? 1919இல் இந்தியப் பத்திரிகைச் சங்கம் ஒரு கணக்கெடுத்தது. அந்தச் சங்கத்தின் முதல் தலைவர் ‘பாம்பே கிரானிக்கிள்’ ஆசிரியர் ஹார்னிமன். அவரையே அந்த ஏப்ரலில் கப்பலேற்றி நாடு கடத்திவிட்டார்கள். சங்கத்தின் கணக்குப்படி இந்தச் சட்டத்தால் அடிபட்ட அச்சகங்கள் ஏறக்குறைய 350, பத்திரிகைகள் 300. தடை செய்யப்பட்ட வெளியீடுகள் 500க்கு மேல். ஜாமீன் கேட்டதால் தொடங்கப்படாமலே போன அச்சகங்கள் 200க்கு மேல், பத்திரிகைகள் 130. அந்த 130இல் தமிழ்ப் பத்திரிகை எத்தனை, அவற்றுக்கு என்ன பெயர் வைக்க நினைத்திருந்தார்கள், யார் ஆசிரியராக இருந்திருப்பார் என்பதற்கெல்லாம் ஏது பதிவு? பழைய பத்திரிகைகளைத் தேடி நூலகம் நூலகமாக அலையும் ஆய்வாளர்கள் நம்மிடம் உண்டு. இவற்றைத் தேட ஒரு தாள்கூட இல்லை.

1918 நவம்பர் 20ஆம் தேதி பாரதி புதுச்சேரி எல்லையைத் தாண்டி வந்தார். கடலூர் அருகே கைதானார். டிசம்பர் நடுவில் விடுதலை. சி.பி. ராமசாமி ஐயர், ‘சுதேசமித்திரன்’ ஏ. ரங்கசாமி ஐயங்கார் முதலானோர் பேசிப் பெற்ற விடுதலை அது, நிபந்தனை உண்டு. மனைவி ஊரான கடையத்துப் பக்கம் இருக்க வேண்டும். எதை வெளியிடுவதானாலும் முன்கூட்டி சி.ஐ.டி. டெபுடி இன்ஸ்பெக்டர் ஜெனரலிடம் காட்ட வேண்டும். ‘பாஞ்சாலி சபதம்’ எழுதியவர் போலீஸ் அதிகாரியிடம் கையெழுத்துப் பிரதியை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். 1920இல் மறுபடி ‘சுதேசமித்திர’னுக்கு வந்தார், மறுவருஷம் செப்டம்பரில் இறந்தார்.

அந்த 1921இலேயே ‘தேசபக்தன்’ ஆசிரியர் வ.வே.சு. ஐயர் ஒரு தலையங்கத்துக்காகச் சிறை சென்றார். ஒன்பது மாதம், பெல்லாரி. தலையங்கம் அவர் எழுதியதில்லை. ஆசிரியர் என்று பெயர் இருந்ததால் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். சிறையில் கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய ஆய்வு எழுதி முடித்தார். சீனிவாசன் போன பாதையில் பதின்மூன்று ஆண்டு கழித்து இன்னொருவர்.

*

போர் முடிந்தது, மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம் வந்தது, புதிய மன்றங்களில் இந்தியர்கள் உட்கார்ந்தார்கள். தேஜ் பகதூர் சப்ரூ தலைமையில் 1921இல் ஒரு குழு பழைய அச்சகச் சட்டங்களை ஆராய்ந்தது. 1908 சட்டமும் 1910 சட்டமும் வேண்டாம் என்றது. 1922இல் இரண்டும் ரத்தாயின. பத்திரிகைகள் கொண்டாடின.

கொண்டாட்டத்தில் பலர் ஒன்றைக் கவனிக்கவில்லை. ரத்து செய்த அதே சட்டம், வெளியீடுகளைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை மட்டும் எடுத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள் 99-ஏ என்ற புதிய பிரிவாக வைத்துவிட்டது. ஜாமீன் போயிற்று, அறிவிப்பு ஒன்றால் பறிமுதல் செய்யும் உரிமை இடம் மாறித் தங்கிற்று. தனிச் சட்டம் ஒன்றில் இருந்த அதிகாரம் நிரந்தரச் சட்டத்தின் நடுப்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. முன்னதை எதிர்த்துக் கூட்டம் போட முடிந்தது. பின்னதை யாரும் திரும்பிப் பார்க்கவே ஆறு ஆண்டு ஆயிற்று.

1928 ஆகஸ்டில் பர்மா அரசு பாரதியின் தேசிய கீதங்களைப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டது. செப்டம்பரில் சென்னை அரசும் 99-ஏ பிரிவைக் கையிலெடுத்துப் பின்தொடர்ந்தது. கவிஞர் இறந்து ஏழாண்டு ஆகியிருந்தது. பாடல்கள் பள்ளிக்கூடங்களிலும் கூட்டங்களிலும் பல ஆண்டுகளாகப் பாடப்பட்டு வந்தவை. சென்னைச் சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எழுந்து பொரிந்து தள்ளினார். உயிரோடிருந்தபோது நிபந்தனை போட்டு வாயைக் கட்டியவர்கள், செத்த பிறகு புத்தகத்தைத் தேடிப் போலீஸை அனுப்பினார்கள்.

சுதந்திரம் வந்தது, 99-ஏ போகவில்லை. 1973இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் புதிதாக எழுதப்பட்டபோது அது 95ஆம் பிரிவு ஆயிற்று. பின்னர் அந்தச் சட்டமும் போய், 2023இல் நிறைவேறிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அதன் இடத்துக்கு வந்தது. அதில் அதே அதிகாரம் 98ஆம் பிரிவாக இருக்கிறது. இன்றும் நடைமுறையில் உள்ளது.

(அடுத்த வாரம்: 1930 – ‘ஜாமீன் கட்டாதீர்கள், பத்திரிகையை மூடிவிடுங்கள்’ என்று காந்தி சொன்னபோது யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை.)